உதிர்ந்த மெரட்டி விதை மண்ணுக்குள் என்ன செய்கிறது?

கேள்வி: நேரடி விதைப்பு வயலில் களைக்கொல்லி அடித்து, கைக்களையும் இரண்டு முறை எடுக்கிறோம். ஆனாலும் வருடா வருடம் நெல்மெரட்டி என்னும் களைப்புல் வந்துவிடுகிறது. விதைநெல்லோடு வருகிறதா, மண்ணிலேயே கிடக்கிறதா? (திருத்துறைப்பூண்டி வாசகர்)

பதில்: பெரும்பாலும் மண்ணிலேயே கிடக்கிறது. மெரட்டியின் மணிகள் கதிர் நுனியிலிருந்து பழுக்கத் தொடங்கி, பழுத்தது பழுத்தபடி உதிரும். நெல்லுக்கு அரிவாள் வைப்பதற்குள் பாதிக்கு மேல் தரையில் கிடக்கும். நன்றாகத் தூர் கட்டிய ஒரு செடி பல ஆயிரம் விதை கொட்டும்.

புதிதாக விழுந்த விதை ஈரம் இருந்தாலும் உடனே முளைக்காது, உறக்கத்தில் இருக்கும். மாதங்கள் செல்லச் செல்ல அந்த உறக்கம் கலையும், எல்லா விதைக்கும் ஒரே நாளில் கலையாது. பகல் சூடும் இரவுக் குளிர்ச்சியும் மாறி மாறிப் படுவதும், வெளிச்சம் படுவதும் எழுப்பிவிடும். அதனால்தான் தவணை தவணையாக முளைக்கிறது. நீங்கள் மருந்து அடித்த அன்று முளைத்திருந்தது செத்திருக்கும். அடுத்த வாரம் எழுந்தது பிழைத்திருக்கும்.

மண்ணில் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிடலாம். 5 செ.மீ. உள்விட்டக் குழாயை 5 செ.மீ. ஆழம் இறக்கி, வயலில் 20 இடத்தில் மண் எடுங்கள். தட்டில் 2 செ.மீ. கனத்துக்குப் பரப்பி, வெயில் படும் இடத்தில் ஈரம் காயாமல் 3 வாரம் வையுங்கள். முளைத்ததை எண்ணிப் பிடுங்கி, மண்ணைக் கிளறிவிட்டு இன்னும் 2 வாரம் பாருங்கள். மொத்த எண்ணிக்கையை 25ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் கணக்கு தோராயமாகக் கிடைக்கும். அறுவடை முடிந்த கையோடு மண் எடுத்தால் உறங்கும் விதைகள் கணக்கில் வராது. கோடை உழவுக்கு முன்பு எடுங்கள்.

விதைநெல்லையும் விட்டுவிட வேண்டாம். அரசுச் சான்று பெற்ற விதையில் கிலோவுக்கு 20 களை விதை வரை அனுமதி உண்டு. ஏக்கருக்கு 30 கிலோ விதைத்தால் 600 விதை, அதாவது 7 சதுர மீட்டருக்கு ஒன்று. சொந்த விதையில் எவ்வளவு என்பது தூற்றியவர் கையைப் பொறுத்தது. 10 லிட்டர் தண்ணீரில் ஒன்றரை கிலோ கல்லுப்பைக் கரைத்து நெல்லைக் கொட்டிக் கலக்கினால் பதரும் மெரட்டியில் பெரும்பகுதியும் மிதக்கும். அரித்து எடுத்துவிட்டு, அடியில் நிற்கும் நெல்லை நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள். உப்பு தங்கினால் முளைப்பு கெடும்.

கேள்வி: விதைத்ததும் தண்ணீர் கட்டிவிட்டால் மெரட்டி அமுங்காதா? (மன்னார்குடி வாசகர்)

பதில்: எந்தப் புல் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இலையில் குறுக்கே ஊதாப் பட்டை ஓடும், மணியில் மீசை இல்லாத சின்னக் குதிரைவாலிப்புல், முளைக்கும்போதே நின்ற தண்ணீரில் பெரும்பாலும் தோற்றுவிடும். மெரட்டி அப்படியல்ல. காற்றே இல்லாத சேற்றிலும் முளைக்கும். வேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று குருத்தை மட்டும் முதலில் மேலே நீட்டும். நுனி தண்ணீருக்கு வெளியே வந்துவிட்டால் அப்புறம் தடுப்பது கஷ்டம்.

தண்ணீரைவிடப் பலன் தருவது முளைக்கவிட்டு அழிப்பது. விதைப்புக்கு ஒரு மாதம் முன்பே வயலை நனைத்து, 10 முதல் 14 நாள் விடுங்கள். எழுந்த புல்லை மேலோட்டமாகக் கிளறி அழித்து, மறுபடி நனைத்து இன்னொரு முறை செய்யுங்கள். அதற்குப் பிறகு ஆழ உழுதால் செய்ததெல்லாம் வீண்: முளைப்பதில் பெரும்பகுதி மேல் 1-2 செ.மீ. மண்ணிலிருந்துதான், ஆழத்தில் உறங்குவதைக் கலப்பைக் கொழு மேலே கொண்டுவந்து வைத்துவிடும்.

கேள்வி: நாற்றங்காலில் நாற்றையும் மெரட்டியையும் எப்படிப் பிரிப்பது? (சீர்காழி வாசகர்)

பதில்: இலை தண்டோடு சேரும் மூட்டை விரித்துப் பாருங்கள். நெல்லில் நாக்குபோல வெள்ளைச் சவ்வும் இரு பக்கம் மயிர் உள்ள காதுகளும் இருக்கும். மெரட்டியில் இரண்டும் இல்லை. மூட்டு வழுவழுவென்று இருக்கும். இதைப் பார்க்காமல் நாற்றைப் பறித்து முடியாகக் கட்டினால் மெரட்டியையும் சேர்த்தே நடுவோம்.

கேள்வி: கடையில் விற்கும் குதிரைவாலி அரிசியும் இந்தக் களையும் ஒன்றா? (மதுரை வாசகி)

பதில்: உறவுதான், ஒன்றல்ல. நாம் பயிரிடும் குதிரைவாலி, மேலே சொன்ன சின்னக் குதிரைவாலிப்புல்லிலிருந்து வந்தது. ஜப்பானில் பயிரிடும் குதிரைவாலி மெரட்டியின் வழி வந்தது. பயிரில் மணி உதிராமல் கதிரிலேயே நிற்கும்; விதைத்ததும் ஒருசேர முளைக்கும். காட்டுப் புல்லின் மணியும் உண்ணத் தக்கதே. ஆனால் பழுப்பதற்கு முன் அறுத்தால் பதர், பழுத்தபின் போனால் வெறுங்கதிர். களைக்கொல்லி அடித்த வயலில் அதையும் முயல வேண்டாம்.