21ஆம் நாள் சோதனையும் 36 நாள் சுற்றும்

கேள்வி: வயது 27, ஒட்டுசுட்டானில் இருக்கிறேன். கலியாணமாகி ஒன்றரை வருடம், இன்னும் பிள்ளை இல்லை. மாதவிடாய் 35, 36 நாளுக்கு ஒருமுறை தவறாமல் வரும். வவுனியாவில் 21ஆம் நாள் செய்த புரோஜெஸ்தரோன் சோதனையில் 0.8 நனோகிராம் என்று வந்தது. எனக்கு முட்டை வெளியேறுவதே இல்லையா?

பதில்: அந்தத் தாளை வைத்து அப்படிச் சொல்லவே முடியாது. பிழை உங்கள் சூலகத்தில் அல்ல, இரத்தம் எடுத்த நாளில்தான் இருக்கக்கூடும்.

மாதவிடாய் தொடங்கியதும், மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பியின் எஃப்.எஸ்.எச். ஹோர்மோன் சூலகத்தில் சில புடைப்புகளை, அதாவது முட்டை வளரும் சிறு பைகளை, வளர்க்கிறது. அவற்றில் ஒன்று முந்திக்கொண்டு 20 மில்லிமீற்றர் அளவுக்குப் பெருக்கிறது. அது சுரக்கும் ஈஸ்திரஜன் முதலில் கபச்சுரப்பியை அடக்கியே வைத்திருக்கும். ஆனால் ஈஸ்திரஜன் மிக உயர்ந்து இரண்டு நாளளவு அப்படியே நின்றால் நிலைமை தலைகீழாகிறது: கபச்சுரப்பி எல்.எச். ஹோர்மோனை ஒரேயடியாகக் கொட்டுகிறது. அது தொடங்கி ஏறத்தாழ 36 மணித்தியாலத்தில் முட்டை வெளியேறும். வெடித்த புடைப்பு மஞ்சட்சடலமாக மாறிய பிறகே புரோஜெஸ்தரோன் ஹோர்மோன் கணிசமாகச் சுரக்கும். கரு தங்காவிட்டால் சுமார் 14 நாளில் அது சுருங்கிவிடும், மாதவிடாய் வரும்.

நீளுவது பெரும்பாலும் முதற்பாதிதான். எனவே முட்டை வெளியேறும் நாளை அடுத்த மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். 36இல் 14 போனால் 22. நீங்கள் இரத்தம் கொடுத்தது அதற்கு முதல் நாள்! அன்றைக்கு 0.8 இருப்பது இயல்பு. 21ஆம் நாள் என்ற கணக்கு 28 நாள் சுற்றுக்காரருக்கு மட்டுமே.

அடுத்த முறை 28 அல்லது 29ஆம் நாள் இரத்தம் கொடுங்கள். பிறகு மாதவிடாய் வந்த திகதியையும் அந்தத் தாளிலேயே எழுதி வையுங்கள். இடைவெளி ஏழு நாளளவு இருந்தால்தான் முடிவை நம்பலாம். 3 நனோகிராமுக்கு மேல் என்றால் முட்டை வெளியேறியிருக்கிறது. சில ஆய்வுகூடங்கள் நனோமோலில் தரும்; அதில் இது ஏறத்தாழ 10. அந்தச் சுற்றில் மாதவிடாயை வரவழைக்கவோ தள்ளிப்போடவோ குளிசை எடுக்காதீர்கள், கணக்கே குழம்பிவிடும்.

பாமசியில் வாங்கும் எல்.எச். பட்டியை 18ஆம் நாளிலிருந்து தினமும் ஒரே நேரத்தில் சிறுநீரில் நனைத்துப் பாருங்கள். அதற்கு முன் இரண்டு மணித்தியாலம் அதிகம் தண்ணீர் குடிக்க வேண்டாம். தகரக் கூரைக்குக் கீழே பட்டியை வைத்தால் சூட்டில் பழுதாகிவிடும். 30 பாகைக்குக் கீழ் இருக்க வேண்டும். சோதனைக் கோடு மற்றக் கோட்டளவு கடுமையானால் அன்றும் அடுத்த இரண்டு நாளும் சேருங்கள். முட்டை ஒரு நாளுக்கு மேல் உயிரோடிராது. விந்தோ ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும், ஆகவே கோட்டுக்காகக் காத்திராமல் 17ஆம் நாளிலிருந்தே ஒன்றுவிட்டொரு நாள் சேர்வது இன்னும் நல்லது.

ஒரு வருடம் கடந்துவிட்டதால் மகப்பேற்று நிபுணரின் கிளினிக்கையும் இனித் தள்ளிப்போட வேண்டாம். தைரொயிட், புரொலக்ரின் ஹோர்மோன் சோதனைகளும் ஸ்கானும் செய்வார்கள். ஃபோலிக் அமிலம் தினமும் 400 மைக்ரோகிராம் இப்போதே தொடங்குங்கள். கணவரையும் கூட்டிச் செல்லுங்கள்: இரண்டு முதல் ஏழு நாள் விந்து வெளியேற்றாமல் இருந்து அவர் கொடுக்கும் விந்துச் சோதனை, உங்களுக்குக் குளிசை எழுதுவதற்கு முன்பே செய்யப்பட வேண்டியது.