பிள்ளைகளோடு குளிக்க எந்தக் கடற்கரை?

கேள்வி: ஜூலையில் இரண்டு பிள்ளைகளோடு இலங்கை போகிறோம். எங்கள் பக்கம் கரையெல்லாம் கல் கொட்டியிருப்பதால் பிள்ளைகள் கடலில் இறங்கியதே இல்லை. உனவட்டுன, அறுகம்பே, பாசிக்குடா, இதில் எங்கே தங்கலாம்?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: யோசிக்கவே வேண்டாம், பாசிக்குடா. ஜூலையில் தென்மேற்குப் பருவக்காற்று உனவட்டுன இருக்கும் தெற்குக் கரையைப் போட்டு அடிக்கும், அதே நேரத்தில் கிழக்குக் கரை அமைதியாகக் கிடக்கும். டிசம்பர் என்றால் அப்படியே தலைகீழ். அறுகம்பேயும் கிழக்குதான், ஆனால் ஜூலையில் அங்கே அலைச்சறுக்கு சீசன், சறுக்குபவர்களுக்குப் பிடித்த அலை சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது. பாசிக்குடா வளைகுடாவில் ரொம்ப தூரம் நடந்தாலும் பெரியவர்களுக்கு இடுப்பளவுத் தண்ணீர்தான். மட்டக்களப்பு பக்கம் என்பதால் தமிழிலேயே பேசிக்கொள்ளலாம், அது பெரிய வசதி.

அப்புறம் ஒன்று, இது எந்தக் கடலுக்கும் பொருந்தும். இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் உடையாமல், கொஞ்சம் கருத்து, நுரை வெளிப்பக்கமாக ஓடினால் அங்கே இறங்காதீர்கள், அது உள்ளே இழுக்கும் நீரோட்டம். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்தாமல், மிதந்தபடி கைகாட்டிக் கூப்பிடுங்கள், முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வாருங்கள். பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்வரை யாராவது ஒருவர் கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டுக் கைக்கெட்டும் தூரத்திலேயே நில்லுங்கள்.