இடி கேட்ட பிறகு கிளம்பினால் தாமதம்: தூண்டில் போடப் போகிறவர்கள் வானிலை பார்க்கும் முறை

கேள்வி: நண்பர்கள் நான்கு பேர் மாதம் இரண்டு முறை தூண்டில் போடப் போகிறோம். பதினாறு அடி ஃபைபர் படகு, கூரை கிடையாது, பின்னால் மாட்டும் எஞ்சின். கரையிலிருந்து ஐந்து கி.மீ. வரை போவோம். போன முறை கைபேசிச் செயலியில் மழை வாய்ப்பு 30% என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம். மதியம் இரண்டரை மணிக்குக் காற்று சட்டென்று திரும்பியது. பத்தே நிமிடத்தில் மின்னல் தலைக்கு மேலே. செயலியை நம்பலாமா? எப்போது திரும்ப வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? எங்களிடம் இருப்பவை எல்லாம் கார்பன் தூண்டில் கம்புகள். கண்ணாடி இழைக் கம்புக்கு மாறினால் ஆபத்து குறையுமா?

பதில்: செயலி தப்பாகச் சொல்லவில்லை. அது சொன்னது ஒன்று, நீங்கள் எடுத்துக்கொண்டது வேறு. மழை வாய்ப்பு 30% என்றால், குறிப்பிட்ட அந்த நேரத்துக்குள் உங்கள் இடத்தில் அளவிடக்கூடிய மழை விழ பத்துக்கு மூன்று வாய்ப்பு. கால் மில்லிமீட்டர் விழுந்தாலும் அது மழைக் கணக்குதான். எவ்வளவு நேரம் பெய்யும், இடி இருக்குமா, காற்று எப்படி அடிக்கும் என்பதெல்லாம் அந்த எண்ணில் இல்லை. நாள் முழுக்க மூடிக்கொண்டு தூறுகிற 90% நாளில் ஒரு மின்னல்கூடப் பார்க்காமல் மீன் பிடித்துவிட்டு வரலாம். சுள்ளென்று வெயில் அடிக்கும் 30% நாளில் ஆங்காங்கே கிளம்பும் இடிமேகங்களில் ஒன்று உங்கள் பக்கம் வந்தால் போதும். கூரையில்லாத படகுக்கு மோசமானது இந்த இரண்டாவது வகை நாள்தான்.

ஆகவே சதவீதத்தைப் பார்த்ததோடு நிறுத்தாதீர்கள். முந்தின இரவு மணிவாரி முன்னறிவிப்பைத் திறந்து இடிமின்னல் குறி எந்த மணியில் இருக்கிறது என்று பாருங்கள். பிறகு விண்டி போன்ற செயலியில் 'கேப்' என்ற அடுக்கைத் திறங்கள். ஈரமான சூடான காற்று மேலே கிளம்பினால் அதற்கு எவ்வளவு ஆற்றல் கிடைக்கும் என்பதைச் சொல்லும் அளவு அது. ஒரு கிலோ காற்றுக்கு இத்தனை ஜூல் என்று வரும். 1,000க்கு மேல் இருந்து அதே மணியில் மழையும் காட்டினால் இடியை எதிர்பார்க்கலாம். 2,500ஐத் தாண்டினால் வரும் மேகம் பலமானதாக இருக்கும். ஒரு எச்சரிக்கை: வெப்பமண்டலக் கடலோரத்தில் இந்த எண் பெரும்பாலான நாட்களில் உயர்ந்தே நிற்கும், மேகத்தைக் கிளப்பிவிட ஏதாவது ஒன்று வேண்டும். அதனால் உங்கள் இடத்தில் வழக்கமாக எவ்வளவு இருக்கும் என்று சில வாரம் கவனித்து வைத்துக்கொண்டு அதோடு ஒப்பிடுங்கள்.

அடுத்து, ஒரே செயலியில் இரண்டு கணினி மாதிரிகளை மாற்றி மாற்றிப் பாருங்கள். ஐரோப்பிய மாதிரியும் அமெரிக்க மாதிரியும் ஒரே நேரத்தைச் சொன்னால் ஓரளவு நம்பலாம். ஒன்று மாலை ஐந்து மணி, மற்றொன்று மதியம் ஒரு மணி என்றால், ஒரு மணி என்றே வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். தனி இடிமேகம் ஒன்றின் ஆயுள் அரை மணி முதல் ஒரு மணி நேரம். இந்த மாதிரிகளின் கட்டங்களோ பத்து, இருபது கி.மீ. அகலம் உள்ளவை. எந்த ஊருக்கு மேலே எந்த மேகம் வெடிக்கும் என்று அவற்றால் சொல்ல முடியாது. பொதுவாக நிலத்தின் மேலும் உள்நாட்டு நீர்நிலைகளிலும் இடிமேகம் பிற்பகலில் எழும். வெப்பமண்டலக் கடலோரங்களில் பின்னிரவிலும் விடியற்காலையிலும் கடல் மேல் எழுவது உண்டு. 'காலையில் போனால் பத்திரம்' என்பது ஏரிக்குப் பொருந்தும், கடலுக்கு எப்போதும் பொருந்தாது.

காற்றைப் பார்க்கும்போது அலகைப் பாருங்கள். திரையில் தெரியும் 10 என்பது மணிக்கு இத்தனை கி.மீ. என்றால் தென்றல். நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கி.மீ.) என்றால் சிறு படகு ஆடத் தொடங்கும். விநாடிக்கு இத்தனை மீட்டர் என்றால் அது 19 நாட், உங்கள் படகு வெளியே போகவே கூடாது. காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிப்படி கூடும்: 10 நாட் காற்றைவிட 20 நாட் காற்று நான்கு மடங்கு தள்ளும். சராசரி வேகத்தோடு வீச்சுக் காற்றின், அதாவது இடையிடையே சட்டென்று ஓங்கி அடிக்கும் காற்றின், எண்ணையும் பாருங்கள்; இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தால் இடிமேகத்தின் வேலையாக இருக்கலாம். அலை உயரமாகக் கொடுக்கப்படுவது உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. ஒரு மீட்டர் என்று போட்டிருந்தால் சில மணி நேரத்தில் ஏறக்குறைய இரண்டு மீட்டர் அலை ஒன்றாவது வரும். அலைகளுக்கு இடையிலான விநாடிகளும் முக்கியம். பத்து விநாடிக்கு ஒருமுறை வரும் ஒரு மீட்டர் அலை படகைத் தூக்கி இறக்கும். நான்கு விநாடிக்கு ஒருமுறை வருவது படகுக்குள் தண்ணீரைக் கொட்டும்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி: எப்போது திரும்புவது? இதற்கு வானத்தைப் பார்ப்பதற்கு முன் உங்கள் படகின் கணக்கைப் போட வேண்டும். நான்கு பேர் ஏறிய படகு பத்து நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 18.5 கி.மீ. போகிறது என்று வைப்போம். அமைதியான தண்ணீரில் ஐந்து கி.மீ. திரும்ப 16 நிமிடம். காற்று கிளம்பி அலை எழுந்துவிட்டால் வேகம் பாதியாகி, அதுவே அரை மணியாகும். கிளம்புவதற்கு முன் தூண்டில்களைச் சுருட்டி, நங்கூரம் தூக்கி, எஞ்சினைக் கிளப்ப ஐந்து நிமிடமாவது ஆகும். கரையில் படகைக் கட்டிவிட்டு கார் வரை போக இன்னும் ஐந்து நிமிடம். மொத்தம் 40 நிமிடம்.

மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வரும் இடிமேகம் இந்த 40 நிமிடத்தில் ஏறக்குறைய 27 கி.மீ. நகர்ந்துவிடும். மழை விழும் இடத்துக்கு 15 கி.மீ. வெளியேயும் மின்னல் இறங்கும் என்பதால் அதையும் கூட்டுங்கள். மேகம் 42 கி.மீ. தள்ளி இருக்கும்போதே நீங்கள் திரும்பத் தொடங்கியிருக்க வேண்டும்! இடிச்சத்தம் நல்ல அமைதியான சூழலில்கூட 15 கி.மீ. தாண்டிக் கேட்பது அரிது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் பாதி தூரம்கூடக் கேட்காது. காதில் இடி விழும்போது நீங்கள் ஏற்கெனவே மின்னல் எட்டும் தூரத்துக்குள் இருக்கிறீர்கள், கரை இன்னும் 40 நிமிடம். மின்னலுக்கும் இடிக்கும் இடையே விநாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் கி.மீ. கிடைக்கும் என்பது சரிதான். ஆனால் கார் பக்கத்திலேயே நிற்பவருக்குத்தான் அது உதவும், உங்களுக்கு இல்லை.

இதே கணக்கை ஒரு கி.மீ. தூரத்துக்குப் போட்டுப் பாருங்கள். மொத்த நேரம் 15 நிமிடம் ஆகிவிடும், திரும்ப வேண்டிய எல்லை 25 கி.மீ. ஆகச் சுருங்கும். இடிமேகம் எதிர்பார்க்கும் நாளில் கரையோரமாகவே தூண்டில் போடச் சொல்வது இதனால்தான். மீன் கொஞ்சம் குறையலாம், ஆனால் வானத்தைப் படிக்க உங்களுக்கு நேரம் கிடைக்கும்.

40 கி.மீ. தூரத்தை எப்படி அளப்பது? சிக்னல் இருந்தால் ரேடார் படம். ஒற்றைப் படத்தைப் பார்க்காமல் கடந்த ஒரு மணி நேர ஓட்டத்தைப் பாருங்கள், மேகம் வரும் திசையும் வேகமும் தெரியும். படத்தின் மூலையில் உள்ள நேரத்தைப் படியுங்கள். பத்து, பதினைந்து நிமிடம் பழைய படமாக இருப்பது சாதாரணம். அதற்குள் மேகம் பத்து கி.மீ. நகர்ந்திருக்கும். அந்த நேரம் நம் ஊர் நேரத்தில் இல்லாமல் உலகப் பொது நேரத்தில் (UTC) போடப்பட்டிருக்கிறதா என்றும் கவனியுங்கள், பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மின்னல் விழும் இடங்களைக் காட்டும் வரைபடங்களும் நல்லவை. ஆனால் கருவிகள் அதிகமில்லாத பகுதியில் வரைபடம் வெறுமையாக இருப்பதால் மின்னல் இல்லை என்று ஆகிவிடாது.

சிக்னல் இல்லாவிட்டால் உங்கள் கைமுட்டி போதும். கையை முழுக்க நீட்டி, விரல்களை மடக்கி முட்டி பிடித்து, அடிப்பக்கத்தைத் தொடுவானத்தில் வையுங்கள். ஒரு முட்டியின் உயரம் ஏறக்குறைய பத்து பாகை. முதிர்ந்த இடிமேகத்தின் உச்சி 12 முதல் 15 கி.மீ. உயரத்தில் இருக்கும். அந்த உச்சி ஒரு முட்டி உயரத்தில் தெரிந்தால் மேகம் 70, 80 கி.மீ. தள்ளி. இரண்டு முட்டி உயரம் வந்துவிட்டால் 30 முதல் 40 கி.மீ. ஐந்து கி.மீ. வெளியே இருக்கும் உங்களுக்கு இரண்டு முட்டிதான் எல்லை. காலிஃபிளவர் போல் கூர்மையாகத் திரண்டிருந்த தலை, பட்டறைக்கல் போல் தட்டையாகப் பரவத் தொடங்கினால் மேகம் முழு பலத்துக்கு வந்துவிட்டது. புகைமூட்டமோ தாழ்ந்த மேகமோ உச்சியை மறைத்தால் இந்த அளவு பலிக்காது. அப்படிப்பட்ட நாளில் அரை மணிக்கு ஒருமுறை எஞ்சினை ஒரு நிமிடம் அணைத்துக் காது கொடுங்கள், மத்திய அலை வானொலி இருந்தால் அதில் கரகரப்பு அடுத்தடுத்து கூடுகிறதா என்று கேளுங்கள்.

மேகம் உங்கள் தலைக்கு மேலேயே பிறப்பதும் உண்டு. வெள்ளையாகக் குவிந்த மேகம் அரை மணி நேரத்துக்குள் கோபுரமாக எழுந்து அடிப்பகுதி கறுத்தால் உடனே திரும்புங்கள். போன முறை உங்களுக்குச் சட்டென்று திரும்பிய காற்று, மழையோடு கீழே விழுந்த குளிர்காற்று நீரின் மேல் விரிந்து வந்தது. அது மழைக்கு முன்னால் ஓடிவரும். புழுக்கத்துக்கு நடுவே குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தால் முதல் வேலையாக எல்லோரும் உயிர்காப்பு உடையைப் பூட்டுங்கள். சிறு படகைக் கவிழ்ப்பது பல நேரம் மின்னல் அல்ல, இந்தக் காற்றுதான்.

தப்பிக்க முடியாமல் மாட்டிக்கொண்டால்: தூண்டில்களைச் சுருட்டி, கம்புகளைப் படகுக்குள் அடித்தளத்தில் படுக்கவையுங்கள். உயர்ந்து நிற்கும் ஆன்டெனாவை மடக்குங்கள். எஞ்சினைப் பிடித்திருப்பவர் தவிர மற்றவர்கள் படகின் நடுவில், அடித்தளத்தில், தாழ்ந்து உட்காருங்கள். கைப்பிடிக் கம்பி, நங்கூரச் சங்கிலி, பெட்ரோல் டாங்க் எதையும் தொட வேண்டாம். குறிப்பாக ஒரே நேரத்தில் இரண்டு உலோகங்களைப் பிடிக்காதீர்கள், மின்னோட்டம் மார்பு வழியாகப் போக நீங்களே பாலம் ஆகிவிடுவீர்கள். கையையும் காலையும் தண்ணீரில் தொங்கவிட வேண்டாம். குதிக்கவும் வேண்டாம். கம்பி இணைப்புள்ள வானொலியைத் தவிருங்கள். கைபேசி மின்னலை இழுக்காது, தாராளமாகப் பேசலாம். எஞ்சின் நின்றுவிட்டால் முன்பக்கத்திலிருந்து நங்கூரம் போட்டு அலைக்கு முகம் காட்டி நில்லுங்கள். படகின் மேல் மின்னல் விழுந்தால் அடிப்பலகையை உடனே தடவிப் பாருங்கள். ஊசி முனை அளவு ஓட்டைகள் விழுந்து தண்ணீர் ஏறலாம்.

கரையில் தஞ்சம் என்றால் மின் இணைப்பும் குழாய்களும் ஓடும் சுவருள்ள கட்டடம், அல்லது உலோகக் கூரையுள்ள மூடிய கார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கையை மடியில் வையுங்கள். காரில் காப்பாற்றுவது டயர் அல்ல, சுற்றியிருக்கும் உலோகக் கூடு. நான்கு கால் கொட்டகை, கூடாரம், ஒற்றை மரம் எதுவும் தஞ்சமாகாது. மின்னல் விழுந்த இடத்திலிருந்து மின்சாரம் ஈரமண்ணில் பரவும், தரையில் படுத்தவருக்கு அது தலை முதல் கால் வரை ஓடும். அதனால் படுக்கவும் கூடாது, குந்தி உட்கார்ந்து காத்திருக்கவும் வேண்டாம். நால்வரும் ஒருவருக்கொருவர் பதினைந்து மீட்டராவது விலகி, காரை நோக்கி நடந்துகொண்டே இருங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் முழுதாகக் காத்திருங்கள். நடுவில் ஒரு முனகல் கேட்டாலும் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து. மழை விட்டதும் மீன் நன்றாகக் கடிக்கும் என்று இறங்குகிறவர்கள் மேகத்தின் வால் பகுதியில் அடி வாங்குகிறார்கள்.

அமெரிக்காவில் 2006 முதல் 2019 வரை மின்னலால் இறந்த 418 பேரில் 40 பேர் மீன்பிடிக்கப் போனவர்கள். கோல்ஃப் ஆடியவர்கள் 10 பேர்தான். பொழுதுபோக்குகளில் மீன்பிடிப்பே முதலிடம். தஞ்சத்திலிருந்து தூரம், கிளம்பத் தாமதம், இரண்டும் சேர்ந்த விளைவு அது.

உங்கள் கம்புக் கேள்விக்கு வருகிறேன். கார்பன் இழை மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், கண்ணாடி இழை உலர்ந்திருக்கும்போது கடத்தாது. ஆனால் மழையில் நனைந்த கம்பில் நீர்ப்படலம் ஓடுகிறது, வளையங்கள் உலோகம், தட்டையான நீர்ப்பரப்பில் உயர்ந்து நிற்பவர் நீங்கள். மாற்றுவதால் கிடைக்கும் லாபம் அற்பம், அந்தப் பணத்தைச் செலவிட வேண்டாம். கம்பை வைத்து ஒரே ஒரு பயன் உண்டு. வீசிய தங்கூசி நரம்பு தண்ணீரில் விழாமல் காற்றில் வில்லாக மிதந்து நின்றால், கம்பு வண்டு போல் ரீங்கரித்தால், கைமயிர் சிலிர்த்தால், மின்னூட்டம் உங்கள் வழியாக மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. சுருட்ட நிற்காதீர்கள். கம்பை அப்படியே போட்டுவிட்டுத் தாழுங்கள்.

ஒருவருக்கு அடிபட்டுவிட்டால் அவரைத் தொடலாம், உடலில் மின்சாரம் தங்காது. மூச்சும் நாடியும் இல்லையென்றால் மார்பின் நடுவில் ஐந்து முதல் ஆறு செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். ஒவ்வொரு 30 அழுத்தத்துக்கும் இரண்டு முறை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். மின்னல் அடியில் இதயம் தானாகவே மறுபடி துடிக்கத் தொடங்கலாம், ஆனால் மூச்சை இயக்கும் நரம்பு மையம் இன்னும் சிறிது நேரம் முடங்கியே இருக்கும். அந்த இடைவெளியில் மூச்சு கொடுக்காவிட்டால் இதயம் இரண்டாவது முறையும் நின்றுவிடும். இரண்டு பேர் விழுந்து ஒருவர் முனகுகிறார், மற்றவர் அசைவற்றுக் கிடக்கிறார் என்றால் அசைவற்றவரிடம் முதலில் போங்கள். முனகுபவர் மூச்சு விடுகிறார், அவரால் காத்திருக்க முடியும்.