சீசன் சொதப்பினால் ஹாக்கி அணி முதலில் தலைமைப் பயிற்சியாளரை நீக்குவது ஏன்?

கேள்விக்குக் கீழே, "எங்கள் ஊர் அணி முதல் சுற்றிலேயே வெளியேறியது, ஐந்தே நாளில் கோச்சை அனுப்பிவிட்டார்கள். ஆடியது வீரர்கள்தானே, அவர் மட்டும் ஏன்?" என்று எழுதியிருக்கிறீர்கள். ஊர் பெயர் போடவில்லை. முதல் சுற்று, ஐந்து நாள் என்கிற கணக்கை வைத்து, நீங்கள் டொரண்டோ பக்கம் இருக்கும் தமிழர், அந்த ஊர் ஐஸ் ஹாக்கி அணியான மேப்பிள் லீஃப்ஸின் ரசிகர் என்று வைத்துக்கொள்கிறேன். அவர்கள் 2024 மே 4 அன்று பாஸ்டனிடம் முதல் சுற்றின் ஏழாவது, கடைசி ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் தோற்றார்கள். 9ஆம் தேதி கோச் ஷெல்டன் கீஃப் வேலையை விட்டு நீக்கப்பட்டார். நான் நினைத்த ஊர் தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, பதில் மாறாது.

ஐஸ் ஹாக்கியை நான் டிவியில் பார்த்ததோடு சரி. சென்னையில் ஐஸ் என்பது கரும்புச்சாற்றில் போடும் சமாச்சாரம். ஆனால் தரையில் ஆடும் ஹாக்கியோடு முப்பது வருடத்துக்கு மேல் பழக்கம். ஹாஃப் பேக்காக ஆடி, பாட்டியாலாவில் கோச்சுகளுக்கான என்.ஐ.எஸ். டிப்ளமோ முடித்து, நான் வேலை பார்க்கும் அலுவலகத்தின் அணிக்கே கோச்சாக இருந்து, ஒரு மோசமான சீசனுக்குப் பிறகு நீக்கப்பட்டவன். அதனால்தான் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை.

நேரடியான பதில் சின்னது. இருபது பேரை நீக்க முடியாது, ஒருவரை நீக்கலாம். உங்கள் லீக்கில் வீரர்களின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. அந்த சீசனில் அது 83.5 மில்லியன் டாலர். அதில் ஏறக்குறைய பாதியை மேத்யூஸ், மார்னர், டவாரெஸ், நைலாண்டர் என்று நாலே பேர் எடுத்துக்கொண்டார்கள். அவர்களோடு போட்ட ஒப்பந்தத்தை நினைத்த நேரத்தில் கிழித்துப் போட முடியாது. பாதியில் பணம் கொடுத்துக் கழற்றிவிட்டாலும் அந்தச் செலவு வருடக்கணக்கில் உச்சவரம்புக் கணக்கில் உட்கார்ந்திருக்கும். கோச்சின் சம்பளம் அந்த வரம்புக்குள்ளேயே வராது. அவரை நீக்கிவிட்டு மீதி ஒப்பந்தப் பணத்தைக் கொடுத்தாலும் அணியின் உச்சவரம்புக் கணக்கில் ஒரு காசு இடிக்காது. 1967க்குப் பிறகு கோப்பையே பார்க்காத ஊரில் ரசிகர்களுக்கு ஏதாவது காட்டியாக வேண்டும். காட்டுவதற்கு மலிவாகக் கிடைப்பவர் கோச்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் 'ஆடியது வீரர்கள்தானே' என்று கேட்டீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை. கோச்சுக்கும் வீரருக்கும் நடுவே இன்னொருவர் இருக்கிறார். யார் ஆடுவது, யாருக்கு எவ்வளவு, யாரை எடுப்பது, யாரை விடுவது என்று கையெழுத்துப் போடும் நிர்வாகி. அவரைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

என் கதைக்கு வருகிறேன். சென்னை லீக்கில் பாதி அணிகள் அலுவலக அணிகள்தான். வங்கி, ரயில்வே, வருமான வரி, போலீஸ் என்று. வீரர்கள் அங்கே ஊழியர்கள். காலையில் பயிற்சி, அப்புறம் சீட். கோச்சும் ஊழியர்தான். தனியாகச் சம்பளம் கிடையாது, அரை நாள் பர்மிஷன் மட்டும் உண்டு.

எங்கள் அணியில் பெனால்டி கார்னர் கிடைத்தால் டிராக் ஃபிளிக் செய்ய, அதாவது பந்தை ஸ்டிக்கால் இழுத்துக் கோலுக்குள் வீச, ஒரே ஒரு பையன். நல்ல பையன். அவனுக்குப் பிரமோஷன் வந்தது, பிரமோஷன் என்றால் வெளியூர். பிள்ளைகள் படிப்புச் செலவு தலைக்கு மேல் நிற்கும்போது "ஹாக்கிக்காக வேண்டாம் என்று எழுதிக் கொடு" என்று நான் எந்த வாயால் சொல்வேன்? போனான். கோல்கீப்பருக்கு முட்டி ஆபரேஷன். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுப்பதை நிறுத்தி வருடக்கணக்காகிவிட்டது. உதவித்தொகை கொடுத்து இளம் பையன்களையாவது எடுங்கள், ஒரு ஃபிளிக்கர், ஒரு கீப்பர், இரண்டே பேர் போதும் என்று கடிதம் எழுதினேன். மறு வருடமும் எழுதினேன். பதில் இல்லை. கடைசியில் ஒரு சென்டர் ஃபார்வர்டை அனுப்பினார்கள். நான் கேட்காத ஆள், யாருக்கோ வேண்டிய ஆள். பந்தை நிறுத்துவதற்குள் எதிரணி டிஃபெண்டர் வந்து நலம் விசாரித்துவிட்டுப் போய்விடுவார்.

பயிற்சி இடம் இன்னொரு கூத்து. மேட்ச் எல்லாம் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில், தண்ணீர் அடித்த செயற்கை டர்ஃபில். நாங்கள் பழகியது செம்மண் தரையில். மண்ணில் பந்து குதிக்கும், வேகம் சீக்கிரம் செத்துவிடும், நீங்கள் நிதானமாக நிறுத்தி அடிக்கலாம். டர்ஃபில் பந்து வழுக்கிக்கொண்டு வரும், பாஸை வாங்குவதற்கு முன்பே அடுத்த பாஸ் எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். மண்ணில் வாரம் முழுக்கப் பழகி டர்ஃபில் ஆடுகிறவனுக்கு முதல் இரண்டு கால் பகுதியும் தரை பழகவே போய்விடும். டர்ஃபில் ஸ்லாட் எடுக்கப் பணம் கேட்டால், "பட்ஜெட் ஹெட் இல்லை சார்" என்பார்கள், அந்தச் செலவுக்குக் கணக்கில் இடமே இல்லை என்று அர்த்தம்.

அந்த சீசனில் கீழ் டிவிஷனுக்கு இறங்கினோம். விளையாட்டு அதிகாரி அறைக்குக் கூப்பிட்டு டீ கொடுத்தார். டீ வந்ததுமே புரிந்துவிட்டது, அதுவரை எனக்கு அந்த அறையில் டீ கொடுத்ததில்லை.

"நீங்க கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துக்கோங்க சார். மேலேருந்து கேக்குறாங்க, ஏதாவது ஆக்‌ஷன் எடுத்தோம்னு காட்டணும்ல. டீம் மொத்தத்தையும் மாத்தவா முடியும்?"

"நான் எழுதின லெட்டரெல்லாம் ஃபைல்ல இருக்கா சார்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இருக்கும் சார்" என்றார். இருந்திருக்கும். அந்த சென்டர் ஃபார்வர்டை எடுக்கும் ஃபைலில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான்.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து காலை பத்து மணிக்கு முழுநாள் சீட்டில் உட்கார்ந்தேன். உங்கள் ஊரில் நீக்கப்பட்ட கோச்சுக்கு மில்லியன் கணக்கில் மீதிப் பணம் வருகிறது. எனக்கு வந்தது பென்ஷன் செக்‌ஷனில் நிலுவையில் இருந்த ஃபைல் கட்டு.

கிட் பையையும், அலுவலக அலமாரியில் கிடந்த என் சொந்த ஸ்டிக்குகளையும் வீட்டுக்கு எடுத்து வந்தபோது எங்கள் அபார்ட்மெண்ட் செயலாளர் லிஃப்ட் வாசலில் நிறுத்தி, "என்ன சார், ஏதாவது பிரச்னையா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். இதை இங்கே சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. நம் தமிழ் சினிமாவில் ஹாக்கி ஸ்டிக்கால் பந்து அடித்ததைவிட மண்டையில் அடித்ததுதான் அதிகம். கல்லூரிச் சண்டையா, கேங் சண்டையா, ஜீப்பிலிருந்து குதிக்கும் ஒவ்வொருவன் கையிலும் ஒரு ஸ்டிக். நல்ல காம்போசிட் ஸ்டிக் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் போகிறது. எந்த அடியாள் அதை வாங்கிக் கட்டுப்படியாகும்? எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்களே கதவுக்குப் பின்னால் ஸ்டிக்கைப் பார்த்துவிட்டு, பையன் எப்படி என்று தெருமுனைக் கடையில் விசாரித்துவிட்டுப் போனார்கள். கிரிக்கெட் பேட் இருந்திருந்தால் கேட்டிருப்பார்களா? சரி, விடுங்கள்.

எனக்குப் பதிலாகப் போட்டது என்னிடமே பயிற்சி எடுத்த பையனை. ராத்திரி போன் செய்து, "அண்ணே, நான் வேணாம்னு சொல்லிடவா?" என்றான். "எடுத்துக்கடா, நீ வேணாம்னா தெரியாத ஒருத்தன் வருவான்" என்றேன். அவன் மேல் எனக்கு இன்றுவரை ஒரு வருத்தமும் இல்லை. வருத்தம் வேறு. அவன் பொறுப்பேற்ற உடனே உதவித்தொகையில் இரண்டு பேரை எடுக்க அனுமதி வந்தது. ஒரு ஃபிளிக்கர், ஒரு கீப்பர். டர்ஃபில் ஸ்லாட்டும் கிடைத்தது, பட்ஜெட் ஹெட் எங்கிருந்தோ முளைத்தது. மறு சீசன் அணி மேலே வந்தது. "கோச்சை மாத்தினதும் பாருங்க, டீம் எப்படி ஆடுது!" என்று கேன்டீனில் என் காதுபடவே பேசினார்கள்.

'தோற்ற கோச் புலம்புகிறான்' என்று கமெண்ட் போட விரல் துடிப்பவர்களுக்கு: நான் பெரிய மேதை என்று எங்கேயும் சொல்லவில்லை. கோச்சை நீக்கவே கூடாது என்றும் சொல்லவில்லை. வீரர்களோடு பேசாத கோச், பத்து வருடத்துக்கு முந்தைய ஆட்டத்தையே ஆடச் சொல்லும் கோச் எல்லாம் உண்டு, அவர்களைத் தாராளமாக அனுப்பலாம். கோச்சை மாற்றியதால் அணி மாறியது என்று கதை கட்டுவதற்கு முன், அதே நேரத்தில் வேறு என்ன மாறியது என்று பாருங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

உங்கள் ஐஸ் ஹாக்கியிலேயே உதாரணம் இருக்கிறது. செயின்ட் லூயிஸ் புளூஸ் அணி 2018 நவம்பரில் மைக் இயோவை நீக்கிவிட்டு கிரெய்க் பெரூபேயிடம் பொறுப்பைக் கொடுத்தது. 2019 கோடையில் அதே அணி லீக்கின் சாம்பியனுக்குக் கொடுக்கும் ஸ்டான்லி கோப்பையை வென்றது. கோச்சை மாற்றினால் கோப்பை என்று எல்லோரும் இதைத்தான் காட்டுவார்கள். ஆனால் பெரூபே வந்து ஆறு வாரம் ஆன பிறகும், ஜனவரி தொடக்கத்தில் அந்த அணி லீக்கிலேயே கடைசி இடத்தில்தான் இருந்தது. அந்த மாதம் பின்னிங்டன் என்ற புதுக் கோல்கீப்பரை இறக்கினார்கள். முதல் முறையாகத் தொடக்கத்திலிருந்து நின்ற ஆட்டத்திலேயே ஒரு கோலும் விடவில்லை. அங்கிருந்துதான் ஏறினார்கள். பெரூபே நல்ல கோச்தான், மறுக்கவில்லை. ஆனாலும் 2023 டிசம்பரில் அதே புளூஸ் அவரையும் நீக்கியது. அப்புறம் கீஃப் இடத்தில் டொரண்டோ யாரைக் கொண்டுவந்தது? அதே பெரூபேயை.

நம் இந்திய அணியின் கதை இதைவிடக் கொடுமை. கே.பி.எஸ். கில் 1994 முதல் 2008 வரை இந்திய ஹாக்கிக் கூட்டமைப்பின் தலைவர். அந்தக் காலத்தில், 32 வருடம் கழித்து 1998இல் ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கிக் கொடுத்த கோச் கௌஷிக்கையே வைத்துக்கொள்ளவில்லை. செட்ரிக் டிசூசாவை 2002 கோலாலம்பூர் உலகக் கோப்பை நடந்துகொண்டிருக்கும்போதே நீக்கினார்கள். ராஜிந்தர் சிங்கை ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸுக்குச் சில வாரம் முன்னால் அனுப்பிவிட்டு ஜெர்மனியிலிருந்து ராக் என்பவரைக் கொண்டுவந்தார்கள், இடம் ஏழு. நம்ம சென்னை வாசுதேவன் பாஸ்கரன், 1980 மாஸ்கோவில் தங்கம் வாங்கிய அணியின் கேப்டன், 2006இல் கோச். உலகக் கோப்பையில் பதினோராவது இடம், தோஹா ஆசிய விளையாட்டில் பதக்கமே இல்லை, அவரும் போனார். அடுத்து கார்வாலோ. 2007 செப்டம்பரில் எழும்பூரில் ஆசியக் கோப்பை இறுதியில் கொரியாவை 7-2 என்று அடித்தபோது நான் கேலரியில் இருந்தேன், தொண்டை போய்விட்டது. 2008 மார்ச்சில் சிலியில் நடந்த தகுதிப் போட்டியில் பிரிட்டனிடம் 0-2, 1928க்குப் பிறகு முதல் முறையாக இந்தியா ஒலிம்பிக்ஸுக்கே தகுதி பெறவில்லை. கார்வாலோ ராஜினாமா. இத்தனை பேர் போய் வந்த பிறகும் தலைவர் நாற்காலி அசையவில்லை. அந்த ஏப்ரலில் கூட்டமைப்பையே இந்திய ஒலிம்பிக் சங்கம் இடைநீக்கம் செய்த பிறகுதான் அது காலியானது.

அப்புறமாவது திருந்தினார்களா என்றால், 2018 காமன்வெல்த்தில் ஆண்கள் அணிக்குப் பதக்கம் இல்லை என்று கோச் மரைனைப் பெண்கள் அணிக்கு மாற்றி, அங்கிருந்த ஹரேந்திர சிங்கை இங்கே கொண்டுவந்தார்கள். உலகக் கோப்பை காலிறுதியில் நெதர்லாந்திடம் தோற்றதும் 2019 ஜனவரியில் ஹரேந்திராவும் அவுட். ஆண்களுக்குச் சரிப்படமாட்டார் என்று தள்ளிவிடப்பட்ட அதே மரைன்தான் டோக்கியோவில் பெண்கள் அணியை நான்காவது இடத்துக்குக் கொண்டுபோனார். அதே டோக்கியோவில் 41 வருடம் கழித்து ஆண்களுக்குப் பதக்கம் வாங்கிக் கொடுத்த கிரஹாம் ரீட், 2023 உலகக் கோப்பையில் நியூசிலாந்திடம் ஷூட் அவுட்டில் தோற்றதும் ராஜினாமா செய்தார். ஆகஸ்டில் புதுக் கோச் ஃபுல்டனோடு அணி எழும்பூருக்கு வந்தது. ஆசிய சாம்பியன்ஸ் டிராபி இறுதியில் இடைவேளையில் மலேசியாவிடம் 1-3, முடிவில் 4-3 வெற்றி. பக்கத்து சீட்டுக்காரர், "இந்த கோச் சூப்பர் சார்" என்றார். களத்தில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ரீட் வளர்த்த பையன்கள். நான் வாயைத் திறக்கவில்லை, ஜெயித்த சந்தோஷத்தில் இருப்பவரிடம் எதற்கு?

ஆகவே, டொரண்டோ நண்பரே, கீஃபுக்காகக் கவலைப்பட வேண்டாம். அதே மாதத்திலேயே நியூ ஜெர்சி டெவில்ஸ் அவரை எடுத்துக்கொண்டது. அடுத்த முறை உங்கள் அணி ஒரு கோச்சை அனுப்பும்போது, அந்த நாலு வீரர்களின் ஒப்பந்தத்திலும் அணி சார்பில் கையெழுத்துப் போட்டது யார், அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தேடிப் பாருங்கள்.

பின்குறிப்பு: எந்த அலுவலகம், எந்த வருடம் என்று கமெண்ட்டில் கேட்காதீர்கள். நான் ரிட்டயர் ஆக இன்னும் காலம் இருக்கிறது, பென்ஷன் ஃபைலும் நம் செக்‌ஷன் வழியாகத்தான் போகும்.