மகளின் கனவை அவளே ஆங்கிலத்தில் சொல்லட்டும்

அன்புள்ள அம்மா,

சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த மகளை, பெறுபேறு வரும்வரை எந்த ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்பில் சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மரபுத்தொடர்ப் புத்தகம் ஒன்றை வாங்கிவைத்து ஒவ்வொரு நாளும் ஒரு பக்கம் மனப்பாடம் செய்கிறாள், ஆனால் யாராவது ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பல்கலைக்கழகத்துக்கு முன் படிக்கும் உயர்தரத்தை ஆங்கில மொழிமூலத்துக்கு மாற்றலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், போகிற போக்கில் சொல்வதுபோல ஒரு வரி: "கடலைப் பற்றிப் படிக்கப் போகிறேன் என்று கனவு காண்கிறாள், இதெல்லாம் நடக்கிற காரியமா?" அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். மற்றக் கேள்விகளுக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

நடக்கிற காரியம்தான். றுகுணுப் பல்கலைக்கழகத்தில் மீன்பிடிக்கும் கடல்சார் விஞ்ஞானத்துக்கும் தனிப் பீடமே இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மீன்பிடியியல் துறை உண்டு. சமுத்திரப் பல்கலைக்கழகம் என்று ஒன்றும் நாட்டில் இயங்குகிறது. உயர்தரத்தில் உயிரியல் பிரிவை எடுத்து நன்றாகச் செய்தால் இந்தக் கதவுகளைத் தட்டலாம். நிலாவெளிக் கரையில் நின்று புறாமலையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இந்த ஆசை வந்தது வியப்பில்லை. அந்தத் தீவும் அதைச் சுற்றிய பவளப்பாறைகளும் 2003ஆம் ஆண்டிலிருந்து தேசியப் பூங்கா. அவள் படிக்க விரும்பும் பாடம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கிடக்கிறது.

இடறும் இடம் வேறு. உயர்தரத்தை அவள் தமிழில் படிப்பாள். விஞ்ஞானப் பட்டப்படிப்போ முதல் விரிவுரையிலிருந்து ஆங்கிலத்தில் நடக்கும். இடையில் இருக்கும் இரண்டரை வருடத்தில் பெரும்பாலான பிள்ளைகள் ஆங்கிலத்தைக் கைவிட்டுவிடுகிறார்கள். பொது ஆங்கிலப் பாடத்தின் புள்ளி, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளியில் சேராது என்பதால் ரியூசன் ஓட்டத்தில் அதற்கு யாரும் நேரம் ஒதுக்குவதில்லை. பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிப் போனபின், நன்றாகப் படித்த பிள்ளைகளே விரிவுரை மண்டபத்தில் பின்வரிசையில் ஒடுங்கிப்போவது இதனால்தான். ஆகவே இந்த மூன்று நான்கு மாதத்தில் மகள் "ஆங்கிலத்தை முடித்துவிட" வேண்டும் என்று நினைக்காதீர்கள். உயர்தரம் முடியும்வரை விடாமல் கொண்டுபோகக்கூடிய ஒரு பழக்கத்தை இப்போது பிடித்துக்கொண்டால் போதும்.

இனி அந்தப் புத்தகம். மரபுத்தொடர் படிப்பது நல்ல காரியம். நாலு சொல்லும் தெரிந்திருந்தும் சேர்ந்து வரும்போது பொருள் பிடிபடாமல் போவது ஆங்கிலத்தில் அடிக்கடி நடக்கும். ஆனால் அகரவரிசையில் அடுக்கிய பட்டியலை மனப்பாடம் செய்யும்போது, யார் யாரிடம் எந்த நேரத்தில் அதைச் சொல்வார்கள் என்பது மனதில் பதியாது. பட்டியலில் இருக்கும் எல்லாம் இன்று வழக்கில் இருப்பவையும் அல்ல. பெருமழைக்கு நாயையும் பூனையையும் இழுக்கும் தொடரை நம் பிள்ளைகள் எல்லோரும் படித்திருக்கிறார்கள். நிலாவெளிக்கு வரும் வெள்ளைக்காரர் வாயிலிருந்து அது வருவது அபூர்வம்.

புத்தகத்தைக் கொஞ்சம் ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். கடலிலிருந்து பிறந்த தொடர்களிலிருந்து அவள் தொடங்கட்டும். ஆங்கிலேயர் கப்பலோட்டிய சனம், அவர்களுடைய அன்றாடப் பேச்சில் பாதி துறைமுகம்தான். திருகோணமலைப் பிள்ளைக்கு இவற்றை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

'லேர்ன் த ரோப்ஸ்' என்ற தொடரைப் பாருங்கள். புதிய வேலையின் நெளிவுசுளிவைக் கற்றுக்கொள்வது என்று பொருள். பாய்க்கப்பலில் எந்தக் கயிறு எந்தப் பாயை இழுக்கும் என்று புதிதாக ஏறியவன் முதலில் படிக்க வேண்டும், அதிலிருந்து வந்தது. நமது ஊரின் பெயரையே தாங்கிய ஒரு பாய்க்கப்பல் இருக்கிறது: எச்.எம்.எஸ். திருகோணமலை. 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டிய போர்க்கப்பல். இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்லிபூல் என்ற ஊரில் அருங்காட்சியகமாக மிதந்துகொண்டிருக்கிறது. அதன் படத்தைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கயிறுகளைப் பார்த்த பிள்ளை, இந்தத் தொடரில் 'ரோப்ஸ்' என்று பன்மையில்தான் வரவேண்டும் என்பதை மறக்கமாட்டாள். ஒருவருக்கு வேலை பழக்குவதற்கு 'ஷோ சம்வன் த ரோப்ஸ்' என்பார்கள். வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் அவள் காதில் விழப்போகும் தொடர் அது.

'மிஸ் த போட்' என்றால் வந்த வாய்ப்பைக் காலம் தாழ்த்தித் தவறவிடுவது. இதை நீங்களே அவளுக்கு விளக்கலாம். கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறந்தார்கள், 396 மீற்றர். அதற்கு முன் பாதைக்கு, அதாவது ஆட்களை அக்கரை சேர்க்கும் மிதவைக்கு, காத்து நின்ற காலம் உங்களுக்கு நினைவிருக்கும். பாதை அக்கரைக்குப் போய்விட்டால் அது திரும்பி வரும்வரை கரையில் நிற்க வேண்டியதுதான். அந்தக் கதையைத் தமிழில் சொல்லுங்கள், மகள் அதை ஐந்து வரியில் ஆங்கிலத்தில் எழுதட்டும். தொடரை மாற்றக்கூடாது என்பதையும் அங்கேயே படிப்பாள்: 'போட்' இருக்கும் இடத்தில் 'ஷிப்' போட்டால் கேட்பவர் உண்மையான கப்பலைத் தேடுவார். வினைச்சொல் மட்டும் காலத்துக்கு ஏற்ப மாறும்.

'டெஸ்ட் த வோட்டர்ஸ்' என்பது, முழுதாக இறங்குவதற்கு முன் நிலைமையைச் சோதித்துப் பார்ப்பது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நாம் சொல்வதற்குக் கிட்டவாக வரும், ஆனால் அதில் எச்சரிக்கை இல்லை. கடன் நெருக்கடியிலோ வேலைச் சுமையிலோ ஒருவர் எப்படியோ சமாளித்துக்கொண்டிருந்தால் 'கீப்பிங் மை ஹெட் அபவ் வோட்டர்' என்பார். எல்லோருக்கும் ஒரே பாடு என்றால் 'இன் த சேம் போட்'. இப்படிக் கடலோடு ஒட்டியவை ஒரு பதினைந்து சேர்ந்தால் இந்த விடுமுறைக்குப் போதும். அவற்றைச் சொந்த வாழ்க்கையில் வைத்துப் பேச வந்தால், புத்தகம் முழுவதையும் ஒப்புவிப்பதைவிட மேல்.

சொந்த வாழ்க்கை என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிள்ளை வாய் திறக்காமல் நிற்பதற்குச் சொற்கள் போதாததுதான் காரணம் என்று நாம் நினைக்கிறோம். பல நேரம், சொல்வதற்குத் தன்னுடையது என்று எதையும் அவள் ஆங்கிலத்தில் வைத்திருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எழுதியது மாட்டைப் பற்றிய கட்டுரை, நூலகத்தின் பயன்கள், யாரோ ஒருவருக்கான அழைப்பிதழ். நேர்முகத்தில் எவரும் மாட்டைப் பற்றிக் கேட்பதில்லை. 'டெல் மீ எபவுட் யுவர்செல்ஃப்', உன்னைப் பற்றிச் சொல், என்பதுதான் முதல் கேள்வி. ஐந்து வருடத்தில் எங்கே இருக்க விரும்புகிறாய் என்பதும் அடிக்கடி வரும். இரண்டும் வாழ்க்கையையும் கனவையும் கேட்கிற கேள்விகள்.

அதனால் ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். ஒவ்வொரு மாலையும் ஐந்து வரி. இலக்கணப் பயிற்சி என்று தனியாக வேண்டாம், தன்னைப் பற்றி எழுதினால் இலக்கணம் தானாக உள்ளே வரும். சின்ன வயதில் செய்ததை எழுத 'யூஸ்ட் டு' வேண்டும். இப்போது சில மாதமாகச் செய்துகொண்டிருப்பதை எழுத 'ஹேவ் பீன்' வேண்டும். ஆசையை எழுத 'ட்ரீம் ஒஃப்' வேண்டும், அதன்பின் வரும் வினை 'இங்' என்று முடிய வேண்டும்: 'ஐ ட்ரீம் ஒஃப் ஸ்டடியிங் த சீ'. நம் பிள்ளைகள் 'லுக்கிங் ஃபோர்வர்ட் டு' என்பதற்குப் பின் 'இங்' போட மறப்பது மிகச் சாதாரணம். வேலை விண்ணப்பக் கடிதங்களின் கடைசி வரியில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

கனவை வைத்து வரும் தொடர்களில் ஒரு கவனம் வேண்டும். 'எ ட்ரீம் கம் ட்ரூ' எங்கும் சொல்லலாம், கனவு நனவானது. 'பைப் ட்ரீம்' என்றால் நடக்கவே நடக்காத ஆசை. 'ஐ வுடன்ட் ட்ரீம் ஒஃப் இட்' என்றால் அப்படிச் செய்ய நினைத்தும் பார்க்கமாட்டேன் என்று பொருள், கனவுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. 'இன் யுவர் ட்ரீம்ஸ்' என்பது சிநேகிதிக்குள் கேலியாகச் சொல்வது. பெரியவரிடமோ நேர்முகத்திலோ அது வாயில் வந்துவிடக்கூடாது. ஒவ்வொரு தொடருக்கும் பக்கத்தில் "யாரிடம் சொல்லலாம்" என்று ஒரு குறிப்பு எழுதிவைக்கும் பழக்கம் பொருள் எழுதுவதைவிட அவசியம்.

"எனக்கு ஆங்கிலம் தெரியாது, நான் எப்படி உதவுவது" என்று கேட்பீர்கள். உங்களால் முடிந்ததை எந்த வகுப்பும் செய்யாது. பதினாறு வயதில் நீங்கள் என்ன ஆக நினைத்தீர்கள் என்பதை அவளிடம் சொல்லுங்கள். உங்கள் வயதுக்காரருக்கு அந்தக் காலம் போருக்குள் போயிருக்கும். படித்த பள்ளிக்கூடம் மாறியிருக்கும், வீடு மாறியிருக்கும், அதன்பின் 2004இல் கடலும் வந்தது. எந்தப் படிப்பை எங்கே விட்டீர்கள், யார் உங்களுக்குத் துணை நின்றார்கள் என்பதைத் தமிழில் ஆறுதலாகச் சொல்லுங்கள். சொல்ல மனம் வராததை விட்டுவிடுங்கள். அவள் அதை ஆங்கிலத்தில் எழுதி உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும். பிழையா சரியா என்று உங்களுக்குத் தெரியாமல் இருப்பது இங்கே நல்லது. இடையில் திருத்த ஆள் இல்லாத ஒரு காது அவளுக்கு வேண்டும். தாயின் கதையைச் சொல்ல எடுத்த பிள்ளை சொல் தெரியவில்லை என்று பாதியில் நிறுத்தமாட்டாள், எப்படியாவது சுற்றி வளைத்துச் சொல்லப் பார்ப்பாள். பேச்சு அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

எழுதுவது பழகியபின் பேசுவதற்கு ஒரு முறை இருக்கிறது. வெளிநாட்டுப் படிப்புக்குப் போகிறவர்கள் எழுதும் ஐ.ஈ.எல்.ரீ.எஸ். என்ற ஆங்கிலப் பரீட்சையில், பேச்சுப் பரீட்சையின் இரண்டாம் பகுதியில் ஒரு தலைப்பைக் கொடுத்து ஒரு நிமிடம் யோசிக்க விடுவார்கள், பின்னர் ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் தொடர்ந்து பேச வேண்டும். அந்தப் பரீட்சை அவளுக்கு இப்போது தேவையில்லை, முறையை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். போனில் நேரத்தை வைத்து, பேசியதைப் பதிந்து, மறுநாள் தானே கேட்கட்டும். அதே பரீட்சையில் ஏழாம் நிலைக்குச் சொல்லும் அடையாளங்களில் மரபுத்தொடர்களை ஓரளவு பயன்படுத்துவதும் ஒன்று. ஓரளவு என்பதைக் கவனியுங்கள். இரண்டு நிமிடப் பேச்சில் பொருத்தமாக ஒன்று வந்தால் அழகு, ஆறு வந்தால் ஒப்புவிப்பதுபோல் இருக்கும். விஞ்ஞான அறிக்கையில் ஒன்றுமே வேண்டாம்.

காது பழகுவதற்குப் பிபிசியின் ஆங்கிலம் கற்பிக்கும் தளத்தில் சில நிமிடத்தில் முடியும் ஒலித்துண்டுகள் இலவசமாக உண்டு. மரபுத்தொடரை ஒவ்வொன்றாக எடுத்து உரையாடலோடு விளக்குபவையும் அவற்றில் இருக்கின்றன. உல்லாசப் பயணிகளோடு கதைத்துப் பழகட்டும் என்று சிலர் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். மே முதல் செப்டெம்பர் வரை உப்புவெளியிலும் நிலாவெளியிலும் அவர்களுக்குக் குறைவில்லைதான். ஆனால் தெரியாத ஆட்களிடம் பிள்ளையைத் தனியே அனுப்ப உங்களுக்கு மனமில்லை என்றால் அதில் தவறு எதுவும் இல்லை. இரண்டு சிநேகிதிகள் வீட்டு விறாந்தையில் வாரம் இருமுறை உட்கார்ந்து கொப்பியை மாற்றி வாசித்தாலே போதுமானது.

வகுப்புக்கு அனுப்பத்தான் போகிறீர்கள் என்றால் காசு கட்டுவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: ஒரு மணித்தியாலத்தில் என் பிள்ளை எத்தனை நிமிடம் பேசுவாள்? அறுபது பிள்ளைகள் இருக்கும் மண்டபத்தில் ஆளுக்கு ஒரு நிமிடம்கூட வராது. முப்பது நாளில் சரளமாகப் பேசவைப்போம் என்று அடித்துச் சொல்லும் விளம்பரத்தை நம்பி நகையை அடகு வைக்காதீர்கள். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளோடு, பேசவிட்டுக் கேட்கும் ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் இருந்தால், அவர் பெயர் பெற்றவராக இல்லாவிட்டாலும் அவரிடம் விடுங்கள்.

உயர்தரத்தை ஆங்கில மொழிமூலத்துக்கு மாற்றலாமா என்று கேட்டதற்கும் பதில் தரவேண்டும். இதுவரை விஞ்ஞானத்தைத் தமிழில் படித்தவள் உயிரியலையும் இரசாயனவியலையும் பௌதிகவியலையும் ஒரே நேரத்தில் புதிய மொழியில் தொடங்குவதை நான் விரும்பவில்லை. பாடம் விளங்காமல் போனால் பல்கலைக்கழக அனுமதியே கைநழுவும். தமிழிலேயே எடுக்கட்டும். முதல் நாளிலிருந்து ஒவ்வொரு பாடக் கொப்பியின் கடைசிப் பக்கங்களிலும் கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் எழுதிவரட்டும். பாடசாலை தொடங்கியபின் மாலை ஐந்து வரியை மூன்றாகக் குறைத்தாலும் பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு நிமிடப் பேச்சை மட்டும் விடவேண்டாம். பெறுபேறு வந்தவுடன் விஞ்ஞானம், கணிதம் இரண்டிலும் வந்த சித்திகளை எனக்கு அறியத்தாருங்கள். பாடத்தெரிவு விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன் மகளும் நீங்களுமாகச் சேர்ந்து வந்தால், உயிரியல் பிரிவில் மூன்றாவது பாடமாகப் பௌதிகவியலா விவசாய விஞ்ஞானமா என்பதை அந்தப் பெறுபேறுகளை வைத்துப் பேசலாம்.