கேனான் 1500டி வைத்திருக்கிறேன். கார் போட்டோ எடுக்க எந்த லென்ஸ் வாங்கலாம்?

கையில் 1500டி, அதோடு வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸ், பட்ஜெட் 20,000 ரூபாய், ஊர் சென்னை. எல்லோரும் ஜூம் இல்லாத 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை வாங்கு என்கிறார்கள், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம் என்பேன். முதலில் 58 மி.மீ. சர்குலர் போலரைசர் ஒன்று வாங்குங்கள், லென்ஸின் முன்னால் மாட்டும், பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டர் அது. மீதிப் பணத்துக்கு 55-250 மி.மீ. ஜூம் லென்ஸ் பாருங்கள். வேளச்சேரியில் பழைய கார் வாங்கி விற்கும் நண்பருக்கு அவ்வப்போது படம் எடுத்துக் கொடுக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கார் போட்டோவில் லென்ஸைத் தீர்மானிப்பது உங்கள் முதுகுக்குப் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதுதான். ஒரு ஸ்விஃப்ட் 3.86 மீட்டர் நீளம், கிரெட்டா 4.3. பக்கவாட்டில் நிறுத்தி, முன்னும் பின்னும் கொஞ்சம் மூச்சு விட இடம் வைத்து எடுக்க ஃபிரேமில் 6 மீட்டராவது அடங்க வேண்டும். உங்கள் கேமராவின் சென்சார் (உள்ளே படம் பதியும் தகடு) அகலம் 22.3 மி.மீ. லென்ஸில் எழுதியிருக்கும் மி.மீ. எண்ணை (அது கூடக் கூட ஃபிரேமில் அடங்கும் அகலம் குறையும்) 6 ஆல் பெருக்கி 22.3 ஆல் வகுத்தால், எத்தனை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று வந்துவிடும். 18 மி.மீ.க்கு ஐந்து மீட்டருக்கும் குறைவு. 24க்கு ஆறரை. 50க்குப் பதின்மூன்றரை. 85க்கு 23 மீட்டர்!

இப்போது உங்கள் தெருவை நினைத்துப் பாருங்கள். மாம்பலத்திலோ நங்கநல்லூரிலோ முப்பது அடி ரோடு கிடைத்தாலே பெரிய விஷயம். முப்பது அடி என்றால் 9 மீட்டர். அதில் காரே ஒன்றே முக்கால் மீட்டரை எடுத்துக்கொள்ளும். எதிர் வீட்டு காம்பவுண்ட் சுவரில் முதுகை ஒட்டி நின்றாலும் ஏழு மீட்டர்தான் தேறும். அங்கே 50ஐ மாட்டினால் ஃபிரேமில் விழுவது சுமார் மூன்று மீட்டர். இரண்டு பம்பரும் வெட்டுப்படும். கிட் லென்ஸை 24, 28 பக்கம் திருப்பினால் வேலை முடிந்தது.

அப்படியானால் 18ல் வைத்துக் கிட்டப் போய் எடுத்துவிடலாமே என்று தோன்றும். கல்யாண குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்கும் சித்தப்பா மட்டும் இரண்டு சுற்று பெருத்துத் தெரிவாரே, காருக்கும் கிட்டத்தட்ட அதே கதிதான். காரின் முன்பக்கம் உங்களிடமிருந்து 2 மீட்டரிலும் பின்பக்கம் 6 மீட்டரிலும் இருந்தால், முன்பக்கம் மூன்று மடங்கு பெரிதாகப் பதியும். ஹெட்லைட் ஊதிப்போய், டிக்கி சூம்பிப் போய்விடும். பதினான்கு மீட்டர் தள்ளிப் போனால் அதே விகிதம் 14க்கு 18. கார் கார் மாதிரியே இருக்கும். லென்ஸ் மேல் பழி போடுகிறோம். உண்மையில் இது நிற்கும் தூரத்தால் வருவது. ஆகவே முதலில் தூரம் கிடைக்கிற இடத்தைத் தேடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு சிறுசேரி சிப்காட் பக்கத்து ரோடுகள் அகலமாக, ஆளில்லாமல் கிடக்கும். அங்கே உங்கள் கிட் லென்ஸையே 55ல் வைத்து, ஹெட்லைட் உயரத்துக்குக் குனிந்து எடுத்துப் பாருங்கள். புது லென்ஸ் ஆசை பாதி அடங்கிவிடும்.

சரி, 50 எஃப் 1.8 மேல் எனக்கு என்ன கோபம்? கோபமெல்லாம் இல்லை. வீட்டில் குழந்தையைப் படம் எடுக்க அதைவிட மலிவாக நல்ல லென்ஸ் கிடைக்காது. ஆனால் அதைப் பரிந்துரைப்பவர்கள் நினைப்பது, எஃப் 1.8 என்று லென்ஸின் துவாரம் பெரிதாகத் திறப்பதால் பின்னணி மங்கிக் கரைந்து போகும் என்று. முகத்தை இரண்டு மீட்டரில் எடுக்கும்போது கரையும். கார் முழுவதும் அடங்க பதின்மூன்றரை மீட்டர் தள்ளி நின்றால், எஃப் 1.8லேயே ஏறக்குறைய 5 மீட்டர் ஆழத்துக்கு ஷார்ப்பாக இருக்கும். காருக்கு ஒட்டினாற்போல் இருக்கும் சுவர், அதில் ஒட்டிய போஸ்டர் எல்லாம் பளிச்சென்று தெரியும். லோகோ, ரிம், டெயில் லைட் என்று துண்டு துண்டாக எடுக்கவும், இருட்டிய பிறகு எடுக்கவும் 50 உதவும். அது இரண்டாவது தேவை.

போலரைசருக்கு வருகிறேன். காரின் பெயின்ட்டும் கண்ணாடியும் வானத்தையும் எதிர் பில்டிங்கையும் பிரதிபலித்துக்கொண்டே இருக்கும். போலரைசரை மாட்டி, காருக்குச் சாய்வாக நின்று, ஃபில்டரின் வளையத்தை மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு கட்டத்தில் விண்ட்ஷீல்டில் இருந்த வெள்ளை வானம் காணாமல் போய், உள்ளே ஸ்டியரிங் தெரியும். பெயின்ட்டின் நிறம் ஆழமாகும். எந்த லென்ஸ் மாற்றினாலும் இந்த வித்தியாசம் வராது. எடிட்டிங்கிலும் இதைச் சுலபமாகக் கொண்டுவர முடியாது.

சில கிறுக்குத்தனங்கள் உண்டு. 1500டியோடு வரும் 18-55 ஐஎஸ் II லென்ஸில் ஃபோகஸ் ஆகும்போது முன்பகுதியே சுற்றும். போலரைசரைச் சரி செய்துவிட்டு ஷட்டரை அமுக்கினால், அது கூடவே சுற்றி எல்லாம் கலைந்துவிடும். முதலில் ஃபோகஸ் செய்து, மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றிவிட்டு, அப்புறம் ஃபில்டரைச் சுற்றுங்கள். பானெட்டுக்குப் பொருந்தும் கோணம் கதவுக்குப் பொருந்தாது. அதனால் ட்ரைபாடில் வைத்து, வெவ்வேறு கோணத்தில் இரண்டு மூன்று படம் எடுத்துப் பின்னால் சேர்ப்பவர்களும் உண்டு. பின் கண்ணாடியில் கட்டம் கட்டமாகக் கரும்புள்ளிகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது டெம்பர்டு (சூடாக்கி வலுவூட்டிய) கண்ணாடியின் இயல்பு. ஃபில்டர் அதை வெளியே காட்டுகிறது, அவ்வளவுதான். குரோம் பம்பரில் இந்த வித்தை பலிக்காது. பழைய அம்பாசிடர் எடுக்கப் போனால் பம்பரில் உங்கள் உருவம் விழாதபடி நீங்கள்தான் நகர வேண்டும். வெளிச்சமும் ஒன்றரை, இரண்டு ஸ்டாப் குறையும் (ஒரு ஸ்டாப் என்றால் பாதியாகும்), கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொள்ளுங்கள்.

நண்பரின் விற்பனைக்கு எடுக்கும்போது மட்டும் கதவுப் பக்கம் ஃபில்டர் போடுவதில்லை. எதிர்ச் சுவரின் நேர்க்கோடு கதவில் விழுந்து, டென்ட் இருக்கிற இடத்தில் வளையும். வாங்குகிறவர் அதைப் பார்க்கட்டும்.

55-250 எதற்கு? பின்னணியை இழுத்துப் பெரிதாக்க. நேப்பியர் பாலத்தின் வளைவுகள் காருக்குப் பின்னால் ஓங்கி நிற்கிற மாதிரி வேண்டுமென்றால், காரைப் பாலத்திலிருந்து விலக்கி நிறுத்தி, நீங்கள் இன்னும் தள்ளிப் போய், 135 பக்கம் ஜூம் செய்ய வேண்டும். கணக்குப்படி 36 மீட்டர். அதிகாலையில் மட்டும்தான் இது சாத்தியம். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குப் போகிற ஆசை இருந்தால் 250 முனை அவசியம். கேலரியிலிருந்து கார்கள் தூரம். அங்கே ஷட்டரை நொடியில் 125ல் ஒரு பங்கு வேகத்தில் வைத்து, காரோடு கேமராவையும் திருப்பிக்கொண்டே எடுத்தால் சக்கரம் சுழல்வது தெரியும். 1000ல் ஒரு பங்கு வைத்தால் ஓடுகிற காரும் நிறுத்தி வைத்த கார் போல ஆகிவிடும். இன்னொரு காரின் டிக்கியைத் திறந்து உட்கார்ந்து ஈசிஆரில் ரோலிங் ஷாட் எடுப்பதைப் பற்றிக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

காரின் உள்பக்கத்துக்கு 18 போதாது. அதற்கென்று 10-18 வாங்க வேண்டாம். போனின் அல்ட்ரா வைடு போதும்.

55-250ல் எஸ்டிஎம் (ஃபோகஸ் மோட்டாரின் வகை) என்று எழுதியிருப்பதைத் தேடுங்கள். ஃபோகஸ் செய்யும்போது அதன் முன்பகுதி சுற்றாது, ஃபில்டரும் அதே 58 மி.மீ. தான். செகண்ட் ஹேண்டில் பார்த்தால் பட்ஜெட்டுக்குள் வந்துவிடும். சென்னைக் காற்றின் ஈரத்துக்கு ஃபங்கஸ் சீக்கிரம் பிடிக்கும் என்பதால், இரண்டு பக்க மூடியையும் கழற்றி, பின்னாலிருந்து போன் டார்ச்சை அடித்து முன்னால் பாருங்கள். உள்ளே நூல் நூலாகப் படர்ந்திருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாங்கிய பிறகு சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். கடற்கரைக்குப் போகும்போது கேமரா பையை டிக்கியில் போடுங்கள். ஏசியில் குளிர்ந்த லென்ஸை வெளியே எடுத்தால் கண்ணாடி பனித்துப்போய், நல்ல வெளிச்சம் போகும்வரை துடைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வாங்குவதா வேண்டாமா என்று இன்னும் குழப்பமாக இருந்தால், வடபழனி, சாலிகிராமம் பக்கம் லென்ஸ் வாடகைக்குக் கொடுக்கிறார்கள். அடையாள அட்டையும் டெபாசிட்டும் கேட்பார்கள். சனிக்கிழமை மாலை எடுத்து, ஞாயிறு காலை படம் பிடித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.