வீட்டிலிருந்து பயிலும் மகனைப் பற்றிக் கவலைப்படும் ஒரு தந்தைக்கு

அன்புள்ள ஐயா,

வணக்கம். வீட்டிலிருந்தே பயின்றுவரும் உங்கள் 15 வயது மகன் பின்னிரவு வரை விழித்திருப்பதாகவும், காலை வகுப்பில் கேமராவை அணைத்துவிட்டு மேசையிலேயே தலைசாய்த்து உறங்கிவிடுவதாகவும், ஏன் என்று கேட்டால் எரிந்துவிழுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இந்த ஓராண்டுச் சரிவு அவனது பொறியியல் வாய்ப்பையே பறித்துவிடுமோ என்பது உங்கள் கேள்வி. அதற்கு முதலில் விடையளித்துவிடுகிறேன். ஓராண்டில் விடுபட்ட பாடங்களை, எவை விடுபட்டன என்று துல்லியமாகத் தெரிந்திருந்தால், பெரும்பாலும் அடுத்த ஆண்டில் பிடித்துவிட முடியும். ஆனால், அருகில் ஒருவர் நின்று விரட்டினால்தான் படிப்பு நடக்கும் என்னும் பழக்கம் இந்த வயதில் படிந்துவிட்டால், எழுப்பிவிடவோ நினைவூட்டவோ ஆளில்லாத கல்லூரிக் காலத்திலும் அதற்குப் பின் வேலையிலும் அவன் மிகவும் தடுமாறுவான். எனவே இந்த மறுமொழியின் பெரும்பகுதி, படிப்பின் பொறுப்பை உங்கள் கையிலிருந்து அவன் கைக்குச் சிறிது சிறிதாக மாற்றுவதைப் பற்றியதாகவே இருக்கும்.

பள்ளிக்கூடம் பாடம் மட்டும் நடத்துவதில்லை. மணி அடித்ததும் ஒரு பாடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறச் செய்கிறது. பக்கத்தில் இருப்பவர்கள் எழுதுவதைப் பார்த்து இவனையும் எழுத வைக்கிறது. ஆசிரியரின் ஒரு பார்வை அலைபாயும் கவனத்தைத் திருப்பிவிடுகிறது. இடைவேளைப் பேச்சும் வீட்டுக்குத் திரும்பும் நடையும் மனத்தின் இறுக்கத்தைத் தளர்த்துகின்றன. 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் பள்ளிக்குச் செல்ல இயலாதபோது, பாடங்களைத் திரை வழியாகக் கொண்டுசேர்க்க ஏதோ ஒரு வழி பல இடங்களில் கிடைத்தது. ஆனால் மேலே சொன்னவற்றுக்கு மாற்று எளிதில் கிடைக்கவில்லை. திட்டமிடுவது, தள்ளிப்போடாமல் தொடங்குவது, கவனச்சிதறலை அடக்குவது ஆகியவற்றுக்குப் பொறுப்பான மூளையின் முன்புறப் பகுதி 20 வயதைக் கடந்தும் சில ஆண்டுகள் முதிர்ந்துகொண்டே இருக்கிறது. அந்த முதிர்ச்சி முழுமையடையாத ஒரு பையனிடம் நாள் முழுவதையும் ஒப்படைத்துவிட்டு, அவன் தடுமாறும்போது சோம்பேறி என்று பெயர் வைப்பது நியாயமாகாது. அவ்வாறே, பள்ளி செய்துவந்த அத்தனையையும் பெற்றோரே செய்ய முனைந்தால், வீட்டில் தந்தை இருந்த இடத்தில் ஒரு மேற்பார்வையாளர் வந்து அமர்ந்துவிடுகிறார். உங்கள் கடிதத்தில் நான் கண்டதும் ஏறக்குறைய அதுதான்.

முதலில் உறக்கத்தைச் சரிசெய்யுங்கள். அது சீராகாமல் வேறு எதைச் செய்தாலும் பலன் குறைவு. பருவமடையும் வயதில் உடலின் உள் கடிகாரம் தாமதமாக இயங்கத் தொடங்குகிறது என்பதும், உறக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பு இரவில் தாமதமாகத் தொடங்குகிறது என்பதும் ஆய்வுகளில் உறுதியாகியுள்ளன. ஆகவே இரவு பத்து மணிக்கு அவனுக்கு உறக்கம் வராததை வெறும் பிடிவாதமாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அந்த இயல்பான தாமதத்தைப் படுக்கையில் ஒளிரும் கைப்பேசி மேலும் நீட்டிக்கிறது; பகலில் உறங்கும் நீண்ட உறக்கம் அதை நிலைப்படுத்திவிடுகிறது. அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. படுக்கும் நேரத்தைப் பற்றிச் சண்டையிடுவதை விட்டுவிட்டு, எழும் நேரத்தை மட்டும் நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறை நாளிலும் அது ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போக வேண்டாம். எழுந்ததும் சிறிது நேரம் வெளிச்சத்தில் நிற்கவோ நடக்கவோ செய்தால், சில வாரங்களில் இரவு உறக்கம் தானாக முன்னுக்கு வரத் தொடங்கும். இரவில் கைப்பேசிகள் படுக்கையறைக்கு வெளியே மின்னேற்றத்தில் இருக்கட்டும். உங்களுடையதும் சேர்த்துத்தான் சொல்கிறேன், இல்லையென்றால் அந்த விதி ஒரு வாரம்கூட நிற்காது.

அடுத்தது படிக்கும் முறை. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் வீட்டிலிருந்து பயிலும் மாணவர்கள் அதிக நேரத்தை வீணாக்குவது விளையாட்டில் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். என் கணிப்பில், அதற்கு ஈடான நேரம் படிப்பதாகத் தோன்றும் வேலைகளில் வீணாகிறது. பதிவு செய்யப்பட்ட காணொளியை இரண்டாம் முறை பார்ப்பதும், புத்தகத்தில் வண்ணக்கோடு இழுப்பதும், குறிப்பை அழகாகப் படியெடுப்பதும் அவ்வகையைச் சேர்ந்தவை. திரும்பப் பார்க்கும்போது பாடம் பழகியதாகத் தோன்றுவதால், புரிந்துவிட்டது என்று மாணவன் உண்மையாகவே நம்பிவிடுகிறான். ரோடிகர், கார்ப்பிக் ஆகிய இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஒரு பகுதியை ஒருமுறை படித்த மாணவர்களில் சிலர் அதையே மறுபடியும் படித்தனர்; மற்றவர்கள் பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, மறுபடி படித்தவர்கள் 81 விழுக்காடும் எழுதிப்பார்த்தவர்கள் 75 விழுக்காடும் நினைவில் வைத்திருந்தனர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழாயிற்று: மறுபடி படித்தவர்களிடம் 42 விழுக்காடே எஞ்சியிருந்தது, எழுதிப்பார்த்தவர்களிடம் 56 விழுக்காடு இருந்தது. தேர்வு பாடம் நடந்த ஐந்தாம் நிமிடத்தில் வருவதில்லை என்பதால், நமக்கு வேண்டியது இரண்டாவது வழிதான்.

இதை நடைமுறைக்குக் கொண்டுவர எந்தச் செயலியும் வேண்டாம். வகுப்பு முடிந்ததும் திரையையும் புத்தகத்தையும் மூடிவிட்டு, ஒரு வெற்றுத்தாளில் நினைவில் இருப்பதைப் பத்து நிமிடம் எழுதட்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனவற்றை வேறு நிற மையால் சேர்க்கட்டும். அதே பாடத்தை மறுநாளும், பின்னர் சில நாள் கழித்தும், அதன்பின் ஒரு வாரம் கழித்தும் இவ்வாறே எழுதிப்பார்க்கட்டும். கற்றதில் பெரும்பகுதி முதல் சில மணி நேரங்களிலேயே நழுவத் தொடங்குகிறது என்பதையும், இடைவெளி விட்டுத் திரும்பக் கற்பது ஒரே மூச்சில் கற்பதைவிடச் சிக்கனமானது என்பதையும் ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் தம்மீதே செய்த சோதனைகளின் வழியாக 1885லேயே எழுதிவைத்திருக்கிறார். கணக்கில் இன்னொரு நுட்பம் உண்டு. ஒரே வகைக் கணக்கை இருபது முறை போடுவதற்குப் பதிலாக, மூன்று நான்கு வகைகளைக் கலந்து போட வேண்டும். அப்போதுதான் இந்தக் கணக்குக்கு எந்த வழி பொருந்தும் என்று தேர்ந்தெடுக்கும் திறன் வளரும், தேர்வில் அதுதானே கேட்கப்படுகிறது. கலந்து போடும்போது தவறுகள் கூடும், வேகம் குறையும், பையன் சலித்துக்கொள்வான். அந்தச் சிரமம் கற்றல் நடப்பதன் அடையாளமே என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இங்கே உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது, அதற்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மாலையில் பத்து நிமிடம் அவன் எதிரே அமர்ந்து, இன்று படித்த ஒன்றை எனக்குப் புரியும்படி சொல் என்று கேளுங்கள். புரியாத இடத்தில் புரியவில்லை என்றே சொல்லுங்கள். திருத்தாதீர்கள், மதிப்பெண் போடாதீர்கள். விளக்க முடியாமல் அவன் நின்றுபோகும் இடத்தை அவனே கண்டுகொள்வான்.

கால அட்டவணையை யார் எழுதுவது என்பதில் பெரும்பாலான வீடுகளில் தவறு நேர்கிறது. டெசி, ரயன் என்னும் உளவியலாளர்கள் உருவாக்கிய ஊக்கக் கோட்பாட்டின்படி, மனிதருக்கு உள்ளிருந்து ஊக்கம் பிறக்க மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும்: தன் செயலைத் தானே தீர்மானிக்கிறோம் என்ற உணர்வு, தன்னால் முடிகிறது என்ற உணர்வு, தனக்கு வேண்டியவர்களோடு பிணைந்திருக்கிறோம் என்ற உணர்வு. நீங்கள் அச்சிட்டுச் சுவரில் ஒட்டிய அட்டவணை இவற்றில் முதலாவதை எடுத்த எடுப்பிலேயே பறித்துவிடுகிறது. எழும் நேரம், குடும்பத்தோடு உண்ணும் ஒரு வேளை, இரவில் திரை அணையும் நேரம் ஆகிய மூன்றை மட்டும் நீங்கள் வரையறுத்துவிட்டு, எஞ்சியதை அவனையே எழுதச் சொல்லுங்கள். அவனது திட்டம் உங்களுக்கு முட்டாள்தனமாகத் தோன்றினாலும் ஒரு வாரம் ஓடவிடுங்கள். வாரத்தில் ஒருநாள் அரைமணி நேரம் அமர்ந்து, எது நடந்தது, எங்கே தடைப்பட்டது, அடுத்த வாரம் எதை மாற்றப்போகிறாய் என்ற மூன்றை மட்டும் கேளுங்கள். இடைப்பட்ட நாள்களில் வேலை முடிந்ததா என்ற விசாரணை வேண்டாம். இன்ன நேரம் வந்தால் இன்ன இடத்தில் அமர்ந்து இன்ன வேலையைத் தொடங்குவேன் என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்வது, நன்றாகப் படிப்பேன் என்ற பொதுவான உறுதிமொழியைவிடச் செயலில் இறங்க மிகவும் உதவுகிறது என்பதை அவனிடம் சொல்லலாம்.

திட்டம் தோல்வியடையும் வாரங்கள் வரும். ஒப்படைப்பு ஒன்றை அவன் தவறவிட்டால், ஆசிரியருக்கு நீங்கள் தொலைபேசியில் சமாதானம் சொல்லாதீர்கள். காரணத்தை எழுதி, கூடுதல் அவகாசம் கேட்கும் பொறுப்பு அவனுடையது. இழப்பு சிறியதாக இருக்கும் வயதிலேயே விளைவைச் சந்தித்துப் பழகட்டும். கணினியில் கண்காணிப்பு மென்பொருள் நிறுவலாமா என்று கேட்டிருந்தீர்கள். பாதுகாப்பு குறித்து உண்மையான அச்சம் இருந்தாலன்றி வேண்டாம் என்பதே என் கருத்து. அப்படி நிறுவினாலும் அவனுக்குத் தெரிந்தே நிறுவுங்கள்.

மனஉறுதி பற்றி நீங்கள் எழுதியதில் ஓர் இடம் என்னை நிறுத்தியது. உங்கள் காலத்தில் யாரும் துணைக்கு வரவில்லை, ஆனாலும் நீங்கள் தாங்கிக்கொண்டீர்கள், இவன் ஏன் இப்படிச் சோர்ந்துபோகிறான் என்று கேட்கிறீர்கள். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்னும் உளவியலாளரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தனர். வறுமை, குடும்பச் சச்சரவு, பெற்றோரின் நோய் எனப் பல இடர்களுக்கு நடுவே வளர்ந்த பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் திறமையும் பரிவும் உள்ள பெரியவர்களாக வளர்ந்தனர். அவர்களிடம் காணப்பட்ட பொதுவான அம்சங்களில் முதன்மையானது, அவர்களை ஏற்றுக்கொண்டு நிலையாக உடனிருந்த ஒரு பெரியவராவது வாழ்க்கையில் இருந்தார் என்பது. அவர் பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தாத்தாவோ, ஆசிரியரோ, பக்கத்து வீட்டுக்காரரோகூட அந்த இடத்தில் இருந்தார். உங்கள் இளமையிலும் அப்படி ஒருவர் இருந்தாரா என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே உங்கள் மகனுக்குப் படிப்பைப் பற்றிப் பேசாமல் பேசக்கூடிய ஒரு பெரியவர் வேண்டும். அவர் சித்தப்பாவாகவோ, அத்தையாகவோ, பழைய பயிற்சியாளராகவோ இருக்கலாம். அவன் வயதுத் தோழர்களும் வேண்டும். இணையத்தில் நண்பர்களோடு பேசும் நேரம் முழுவதையும் வீண்பொழுது என்று கணக்கெழுதாதீர்கள். வீட்டிலிருந்து பயில்பவனுக்கு இடைவேளை மைதானம் அதுவாகவும் இருக்கக்கூடும். இந்த வயதினருக்கு நாள்தோறும் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்; பள்ளிக்குச் செல்லாத நாளில் அதைத் திட்டமிட்டுத்தான் செய்ய வேண்டியிருக்கும். வீட்டில் பிறருக்குப் பயன்படும் ஒரு வேலையை முழுப்பொறுப்பாக அவனிடம் விடுங்கள். பாராட்டும்போது அவன் அறிவாளி என்று சொல்வதைவிட, எந்த முயற்சி, எந்த வழிமுறை பலித்தது என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.

இவற்றுக்கெல்லாம் அப்பாற்பட்ட சில அறிகுறிகள் உண்டு. விருப்பமான செயல்களில்கூட நாட்டம் இல்லாமை, உணவிலும் உறக்கத்திலும் பெரிய மாற்றம், நண்பர்களிடமிருந்தும் விலகல், எதற்கும் பயனில்லை என்ற பேச்சு ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால், அதைப் படிப்புப் பிரச்சினையாகக் கருதாமல் மருத்துவரிடமோ மனநல வல்லுநரிடமோ அழைத்துச் செல்லுங்கள். சாவைப் பற்றியோ தன்னைக் காயப்படுத்திக்கொள்வதைப் பற்றியோ பேசினால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம்; அவனைத் தனியே விடாமல் உடனே உதவி நாடுங்கள். அதைப் பற்றி நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடாது.

இனிப் பொறியியலுக்கு வருவோம். அதற்கான கதவு திறந்திருக்க இப்போது தேவைப்படுவது கணக்கிலும் இயற்பியலிலும் அடித்தளம் ஆட்டம் காணாமல் இருப்பதே. எல்லாப் பாடத்திலும் இடைவெளி ஒரே தன்மையுடையதல்ல. வரலாற்றில் ஒரு பாடம் விட்டுப்போனால் அடுத்ததைப் படிப்பதில் பெரிய இடையூறு இல்லை, ஆனால் இயற்கணிதத்தில் சமன்பாடுகளைக் கையாளத் தெரியாதவனுக்கு முக்கோணவியலும், பின்னர் நுண்கணிதமும், இயற்பியலின் இயக்கவியலும் வரிசையாகக் கடினமாகும். எனவே கணக்கில் பின்தங்கியிருக்கிறான் என்ற பொதுவான தீர்ப்பை விட்டுவிட்டு, இந்த ஆண்டுப் பாடங்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு கணக்குகளை உதவியின்றி அவனே போட்டுப் பார்க்கட்டும். எங்கே தடுக்கிறதோ அந்தப் பாடங்களின் பெயர்களை மட்டும் எழுதி, எந்த வரிசையில் மீட்டெடுக்கலாம் என்று தன் கணித ஆசிரியருக்கு அவனே ஒரு கடிதம் அனுப்பட்டும். ஆசிரியரின் பதில் வந்ததும், பொறியியல் உங்கள் விருப்பமா அவனுடையதா என்பதையும் நாம் நேரில் சந்தித்துப் பேசலாம். அந்தச் சந்திப்புக்கு அவனையும் அழைத்து வாருங்கள், முதல் அரைமணி நேரம் அவனோடு தனியாகப் பேச எனக்கு அனுமதி கொடுங்கள்.